62 தோல்விகள்: சியாட்டில் சோனிக்ஸின் கடைசி சீசன் திட்டமிட்ட தோல்வியா?

2007-08 சீசனில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யில், சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் (சுருக்கமாக சோனிக்ஸ்) அணி 82 ஆட்டங்களில் 20-ஐ மட்டுமே வென்றது. அடுத்த கோடையில் அணியே ஒக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. "ஊரை விட்டுப் போவதற்குச் சாக்கு வேண்டும் என்று உரிமையாளர்களே அணியைத் தோற்க வைத்தார்களா? அல்லது உரிமையாளர் பிரச்சினையால் ஆட்டக்காரர்கள் மனம் விட்டுப்போய்த் தோற்றார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த அணி ஏன் தோற்றது என்பது ஒன்று. அந்தத் தோல்வியைத் தடுக்க ஏன் யாரும் அவசரப்படவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் கூடைப்பந்துக்குள்ளேயே விடை இருக்கிறது. உரிமையாளர் விவகாரம் இரண்டாவதில்தான் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இத்தனை ஆண்டுகளாகியும் இந்த விவாதம் முடிவதில்லை.

நான் கல்லூரி, நிறுவன அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவன். ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதை அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வழக்கு, குத்தகை, வரி ஆகியவற்றில் எனக்குச் சட்டப் பயிற்சி இல்லை. அந்தப் பகுதியை நீதிமன்றத்தில் வெளிவந்ததையும் அன்று செய்திகளில் பதிவானதையும் வைத்தே எழுதுகிறேன். அங்கே என் கருத்தை ஒரு பார்வையாளரின் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். சோனிக்ஸ் 1967-இல் தொடங்கிய அணி. லென்னி வில்கென்ஸ் பயிற்சியில் 1979-இல் சாம்பியன் ஆனது. 1996-இல் கேரி பேட்டன், ஷான் கெம்ப் இருவரையும் வைத்துக்கொண்டு 64 ஆட்டங்களை வென்று, இறுதிச் சுற்றில் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோவிடம் தோற்றது. 2001-இல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு ஏறக்குறைய 20 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. அரங்கம் சிறியது, குத்தகை கட்டுப்படியாகவில்லை என்பது அவருடைய குறை. அந்த அரங்கமான கீ அரீனாவைப் புதுப்பிக்க 22 கோடி டாலர் பொதுப்பணம் கேட்டார்; கிடைக்கவில்லை. 2006 ஜூலையில், பெண்கள் அணியான சியாட்டில் ஸ்டார்மையும் சேர்த்து, 35 கோடி டாலருக்கு ஒக்லஹோமா சிட்டி முதலீட்டாளர் குழு ஒன்றுக்கு விற்றார். குழுவின் தலைவர் கிளே பென்னெட். புதிய அரங்கத்துக்காகச் சியாட்டில் பகுதியில் ஓராண்டு நேர்மையாக முயற்சி செய்ய வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனை.

வாங்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணி இடம்பெயர்ந்து 2005 முதல் 2007 வரை பெரும்பாலான சொந்த ஆட்டங்களை ஒக்லஹோமா சிட்டியில் ஆடியது. அரங்கம் நிரம்பியது. என்பிஏ அணி ஒன்று அங்கே பிழைக்கும் என்பது லீக்குக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த ருசியைக் கண்ட ஊரின் பணக்காரர்கள் இரண்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் ஓர் அணியை வாங்குகிறார்கள். நோக்கம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு.

சியாட்டில் மக்களின் பங்கையும் மூடி மறைக்க வேண்டாம். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்கு அங்கே பொதுப்பணத்தில் அரங்கங்கள் கட்டி முடித்து அதிக காலம் ஆகவில்லை. "இன்னும் ஒன்றா?" என்ற சலிப்பு ஊருக்குள் இருந்தது. 2006 நவம்பரில் 91-ஆம் எண் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. நகரம் விளையாட்டு அரங்கத்தில் பணம் போட்டால், அரசுக் கடன் பத்திரம் தரும் அளவுக்காவது வருமானம் திரும்பி வர வேண்டும் என்பது அதன் சாரம். 74 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதன் பிறகு சியாட்டில் நகரத்துக்குள் பொதுப்பணத்தில் அரங்கம் என்ற பேச்சு ஏறக்குறைய முடிந்துபோனது. பென்னெட் 2007 தொடக்கத்தில் ரென்டன் என்ற பக்கத்து ஊரில் 50 கோடி டாலர் அரங்கம் என்ற திட்டத்தோடு வந்தார். மாநிலச் சட்டமன்றம் அதைக் கையில் எடுக்கவே இல்லை. நிராகரிக்கப்படும் என்று தெரிந்தே வைத்த திட்டம் என்று சோனிக்ஸ் ரசிகர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதைவிடச் சிறிய தொகையைக் கேட்ட உள்ளூர்க்காரர் ஷுல்ட்ஸுக்கும் அதே சட்டமன்றம் கையை விரித்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். 2004-05-இல் இதே சோனிக்ஸ் 52 ஆட்டங்களை வென்று, பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளில்) சான் அன்டோனியோவோடு ஆறு ஆட்டம் வரை மல்லுக்கட்டியது. அந்தக் கோடையில் பயிற்சியாளர் நேட் மெக்மில்லன் போர்ட்லண்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு வெற்றி 35. அதற்கடுத்து 31. பிறகுதான் 20. இந்தச் சரிவின் முதல் படி பென்னெட் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது.

இன்னொரு விஷயம், பயிற்சியாளன் என்ற முறையில் எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் சோனிக்ஸ் சென்டர்களையே, அதாவது கூடைக்கு அடியில் நிற்கும் நெட்டை ஆட்டக்காரர்களையே, எடுத்தது. ராபர்ட் ஸ்விஃப்ட், யோஹான் பெட்ரோ, முகமது சேன். மூவரும் உயரமானவர்கள், இளையவர்கள், பக்குவப்படாதவர்கள். ஒருவர்கூட நிலையான தொடக்க ஆட்டக்காரராக வரவில்லை. மூன்று ஆண்டுத் தேர்வுகளை ஒரே இடத்தில் கொட்டி, மூன்றும் வீணானால் எந்த அணியும் தள்ளாடும். கூடைக்கு அடியில் நின்று காக்க ஆளில்லாத அணியில், வெளியே தடுப்பவன் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. தாண்டிப் போகிறவனை நிறுத்தப் பின்னால் யாரும் இல்லை. 2007-08 சோனிக்ஸ் வாங்கிய புள்ளிகளில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது என்பது என் கணிப்பு. அந்த மூன்று தேர்வுகளும் பழைய உரிமையாளர் காலத்தவை. கடைசித் தேர்வான சேன், விற்பனை அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்புதான் எடுக்கப்பட்டார்.

2007 கோடையில் புதிய நிர்வாகம் செய்த வேலைகளைத்தான் எல்லோரும் குற்றப்பத்திரிகையாக நீட்டுகிறார்கள். சான் அன்டோனியோவில் பயின்ற சாம் பிரெஸ்டி முப்பது வயதில் பொது மேலாளராக வந்தார். டிராஃப்டில் இரண்டாவது இடம் சியாட்டிலுக்கு. கெவின் டுரான்டை எடுத்தார்கள். அதே இரவில் ரே ஆலனை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது தேர்வான ஜெஃப் கிரீனையும், வாலி செர்பியாக், டிலோன்டே வெஸ்ட் இருவரையும் வாங்கினார்கள். சில நாட்களில் ரஷார்ட் லூயிஸும் ஆர்லாண்டோவுக்குப் போனார். அணியில் அதிகப் புள்ளி அடித்த இருவரும் ஒரே மாதத்துக்குள் வெளியே. அடுத்த ஜூனில் ஆலன் பாஸ்டனில் சாம்பியன் மோதிரம் வாங்கினார். சியாட்டில் ரசிகனுக்கு வயிறு எரியாதா?

வயிற்றெரிச்சலை ஒதுக்கி வைத்துக் கணக்கைப் பாருங்கள். ஆலனுக்கு அப்போது 32 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுதான் இரண்டு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. லூயிஸுக்கு ஆர்லாண்டோ கொடுத்தது ஆறு ஆண்டுகளுக்கு 11 கோடி டாலருக்கும் மேல். அந்த விலைக்கு அவர் தகுதியானவர் என்று அன்றே பலர் நம்பவில்லை. இருவரையும் வைத்துக்கொண்டு முந்தைய ஆண்டு கிடைத்தது 31 வெற்றி. பத்தொன்பது வயது டுரான்ட் கையில் கிடைத்த பிறகு, அவர் வயதுக்கு ஒத்த அணியைக் கட்டுவதுதான் சரி என்று எந்த ஊர் மேலாளரும் சொல்லியிருப்பார். லூயிஸை வெறுமனே போகவிடாமல், அந்தப் பரிமாற்றத்தில் கிடைத்த சம்பள இடத்தை (வேறு ஆளின் சம்பளத்தை ஏற்க லீக் விதி தரும் இடம்) பயன்படுத்தி, ஃபீனிக்ஸிடமிருந்து கர்ட் தாமஸையும் கூடவே இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் பெற்றார் பிரெஸ்டி. அவற்றில் ஒன்றில் வந்தவர்தான் சேர்ஜ் இபாக்கா. பாதி ஆண்டில் அதே தாமஸை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கினார். அணியை நாசமாக்க நினைப்பவன் இத்தனை நுணுக்கமாக வேலை செய்ய மாட்டான். இது ஐந்து ஆண்டுக்குப் பிறகு வெல்லப்போகும் அணிக்கு அடித்தளம் போட்டவனின் வேலை. அந்த ஐந்தாம் ஆண்டில் அணி எந்த ஊரில் இருக்கும் என்பது அவருடைய வேலையில் சேராது.

அந்தச் சீசனில் மைதானத்துக்குள் நடந்த பெரிய பிழை என்று நான் நினைப்பது வேறு. பயிற்சியாளர் பி.ஜே. கார்லெசிமோ டுரான்டை ஷூட்டிங் கார்டு இடத்தில், அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று ஆடும் இடத்தில், ஆட வைத்தார். ஆறடி ஒன்பது அங்குலம், ஒல்லியான உடம்பு. அந்தப் பையனை எதிரணியின் சுறுசுறுப்பான குட்டை ஆட்டக்காரர்களின் பின்னால், ஸ்கிரீனுக்கு மேல் ஸ்கிரீனாக (வழிமறித்து நிற்கும் எதிரணி ஆட்கள் மீது) மோதிக்கொண்டு ஓடவிட்டால் மூன்றாவது குவார்ட்டரிலேயே கால் ஓய்ந்துவிடும். கால் ஓய்ந்தவனின் தொலைவு ஷாட் வளையத்தின் முன்விளிம்பில்தான் படும். டுரான்ட் அந்த ஆண்டு மூன்று புள்ளி ஷாட்களில் 28.8 சதவீதம்தான் போட்டார். பின்னாளில் இந்த ஆட்டத்தின் தலைசிறந்த ஷூட்டர்களில் ஒருவரானவரின் எண் அது. ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) ஆட்டத்துக்கு 4.4 தான், கூடையிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டவர் எப்படிப் பிடிப்பார்? இத்தனைக்கும் சராசரியாக 20.3 புள்ளி அடித்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்காட் புரூக்ஸ் பொறுப்பேற்றதும் அவரைக் கூடைக்குப் பக்கமான ஃபார்வர்டு இடத்துக்கு மாற்றினார். எல்லா எண்களும் உயர்ந்தன. கார்லெசிமோவின் முடிவில் சதி எதுவும் இல்லை. உயரத்தால் எதிரணிக்குச் சங்கடம் கொடுக்கலாம் என்று எண்ணியிருப்பார். நாங்களும் செய்கிற தவறுதான்: ஆட்டக்காரன் தாக்குதலில் எங்கே பொருந்துவான் என்று பார்ப்போம், தடுப்பில் அவன் யாரைத் துரத்த வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுவோம்.

சீசன் தொடர்ந்து எட்டுத் தோல்விகளோடு தொடங்கியது. நவம்பர் 16-இல் அட்லாண்டாவில் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு டுரான்ட் போட்ட மூன்று புள்ளி ஷாட்டில் வென்றது இரண்டாவது வெற்றி. மார்ச் 16-இல் டென்வரில் 168-116 என்று தோற்றார்கள். 52 புள்ளி வித்தியாசம். இந்த ஆட்டத்தைத்தான் "ஆட்டக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்பதற்கு ஆதாரமாக நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். டென்வர் அந்த ஆண்டு லீக்கிலேயே வேகமாக ஆடிய அணிகளில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் அரங்கம். அங்கே வேகமாகத் திரும்பி ஓடித் தடுக்கத் தெரியாத இளம் அணி போனால், ஒவ்வொரு தவறிய ஷாட்டும் எதிர்ப்பக்கத்தில் எளிய புள்ளியாக மாறும். அந்த ஆட்டத்தில் மன உறுதி குலைந்தது உண்மைதான். ஆனால் ஓர் ஆட்டத்தில் குலைவது எல்லா மோசமான அணிகளுக்கும் நடப்பது. அதைக் கொண்டு சீசன் முழுவதும் கைவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

உரிமையாளர் குழப்பம் ஆட்டக்காரரை எப்படிப் பாதிக்கிறது என்பதில் எனக்கு நேரடி அனுபவம் கொஞ்சம் உண்டு. நான் பயிற்சி கொடுத்த நிறுவன அணி ஒன்றை, ஆண்டு முடிந்ததும் கலைத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தி சீசனின் நடுவிலேயே கசிந்தது. ஆட்டத்தில் யாரும் குறைவாக ஓடவில்லை. வேறு நிறுவனத்தில் இடம் பிடிக்க வேண்டுமே என்ற கவலையில் சிலர் முன்பைவிட அதிகமாகவே ஓடினார்கள். பாதிப்பு வேறு இடத்தில் தெரிந்தது. முழங்காலுக்கு மருத்துவரிடம் போக வேண்டியவன் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்டுத் தள்ளிப்போட்டான். புதிய தடுப்பு முறையைச் சொல்லிக் கொடுத்தால் "இதை எப்போது சார் ஆடப்போகிறோம்?" என்று முகத்தைப் பார்த்தார்கள். பந்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் தானே அடிக்கப் பார்த்தார்கள், ஏனென்றால் அடுத்த வேலைக்குப் புள்ளிக் கணக்குதான் சான்றிதழ். முயற்சி குறைவதில்லை, ஒத்திசைவு குறைகிறது. என்பிஏ வீரர்களுக்குச் சம்பள உறுதி உண்டு, எங்கள் பையன்களின் நிலை அவர்களுக்கு இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அடுத்த ஆண்டு எந்த ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் எட்டு மாதம் ஆடுவது எளிதல்ல.

சோனிக்ஸ் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தோற்கவில்லை என்பதற்குக் கடைசி இரண்டு ஆட்டங்களையும் பலர் காட்டுவார்கள். ஏப்ரல் 13-இல் கீ அரீனாவில் டல்லஸோடு கடைசிச் சொந்த ஆட்டம். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் "எங்கள் சோனிக்ஸைக் காப்பாற்றுங்கள்" என்று கத்திக்கொண்டிருக்க, இறுதி நிமிடங்களில் பின்னிலையிலிருந்து மீண்டு 99-95 என்று வென்றார்கள். டுரான்ட் கைகளை உயர்த்தி உயர்த்திக் கூட்டத்தை இன்னும் கத்தச் சொன்னார். மூன்று நாள் கழித்து ஓக்லண்டில் அவர் 42 புள்ளி அடிக்க, அதையும் வென்றார்கள். உணர்ச்சிகரமான சான்றுதான், ஆனால் அதை முழுச் சான்றாக ஏற்க மாட்டேன். அதிகம் தோற்ற அணிக்கு டிராஃப்டில் முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மயாமி 15 வெற்றியோடு கடைசியில் கிடந்தது. சியாட்டிலுக்கு மேலே இருந்த இரண்டு அணிகள் 22-இல் முடித்தன. கடைசி இரண்டையும் வென்ற பிறகும் சியாட்டிலின் இடம் மாறவில்லை. ஆகவே வென்றதால் டிராஃப்டில் இழப்பு ஒன்றுமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், டிராஃப்டின் முதல் இடங்களை முடிவு செய்யும் குலுக்கலான லாட்டரியில் அவர்கள் நான்காவது இடத்துக்கு நழுவினார்கள். அந்த நான்காவது இடத்தில்தான் ரஸல் வெஸ்ட்புரூக் கிடைத்தார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓர் அணி தோற்கும்போது சாதாரணமாக உரிமையாளரை நாலு பக்கமும் நெருக்குவார்கள். சீசன் டிக்கெட் புதுப்பிப்பு குறையும், விளம்பரதாரர் விலை பேசுவார், உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கம் எழுதும், கடையில் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். இந்த நெருக்கடிதான் பொறுமையற்ற உரிமையாளரை மேலாளரிடம் "இந்த ஆண்டே இரண்டு அனுபவசாலிகளைப் பிடி" என்று சொல்ல வைக்கிறது. சோனிக்ஸில் இந்த நெருக்கடி யாருக்கும் வலிக்கவில்லை. உரிமையாளர்கள் வேறு ஊரில். டிக்கெட் விற்பனை சரிந்து, கூட்டம் சராசரியாகப் பதின்மூன்றாயிரம் அளவுக்கு இறங்கியது. என்பிஏ-யில் அது அடிமட்டம். அதுவும்கூட "பாருங்கள், இந்த ஊரில் ஆதரவு இல்லை" என்று வாதிட அவர்களுக்கு உதவியது. காலி செய்யப்போகிற வாடகை வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. இதை நான் சதி என்று சொல்ல மாட்டேன். தோற்க வேண்டும் என்று முயல்வதும், வெல்ல வேண்டும் என்ற அவசரம் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தன் பணத்தில் கொடுத்தவன் டிக்கெட் வாங்கிய சியாட்டில்காரன்.

திட்டமிட்ட தோல்வி என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்று இருக்கிறது; சியாட்டில் நண்பர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. ஒக்லஹோமா சிட்டிக்குப் போனதும் அணி வெல்லத் தொடங்கவில்லை. 2008-09-இல் முதல் 32 ஆட்டங்களில் மூன்றைத்தான் வென்றது. பதின்மூன்றாவது ஆட்டத்தோடு கார்லெசிமோ நீக்கப்பட்டார். சீசன் முடிவில் 23 வெற்றி, 59 தோல்வி. அரங்கம் நிரம்பி வழிந்தது, ஊர் கொண்டாடியது, உரிமையாளர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கு தேட வேண்டிய தேவையே இல்லை. அப்படியும் தோற்றார்கள் என்றால், அது உண்மையிலேயே பக்குவப்படாத அணி. அங்கே இரண்டாவது ஆண்டில்தான் 50 வெற்றி வந்தது.

உரிமையாளர்களின் மனநோக்கம் பற்றி ஆவணங்கள் என்ன சொல்கின்றன? 2007 ஆகஸ்டில் பங்குதாரர்களில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன், சியாட்டிலில் வைத்திருப்பதற்காக அணியை வாங்கவில்லை, ஒக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கையில்தான் வாங்கினோம் என்ற பொருளில் ஒக்லஹோமா பத்திரிகையிடம் பேசிவிட்டார். என்பிஏ அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அபராதம் பொய் சொன்னதற்கா, உண்மையைச் சொன்னதற்கா என்று அன்றே கேலி செய்தார்கள். ஓராண்டு முயற்சிக் கெடு 2007 அக்டோபர் கடைசியில் முடிந்தது. நவம்பர் 2-ஆம் தேதியே அணியை மாற்றும் எண்ணத்தை பென்னெட் லீக்கிடம் தெரிவித்துவிட்டார். குத்தகை 2010 வரை இருக்கிறது என்று நகரம் ஏற்கனவே வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கில்தான் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. 2007 ஏப்ரலில், அதாவது "நேர்மையான முயற்சி" நடந்துகொண்டிருந்த காலத்தில், அடுத்த சீசனுக்கே அணியை ஒக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுவர வழி உண்டா என்று பங்குதாரர் டாம் வார்ட் கேட்கிறார். தான் வெறி பிடித்தவனைப் போல இருப்பதாகவும், முடிந்ததெல்லாம் செய்வதாகவும் பென்னெட் பதில் எழுதுகிறார். சியாட்டிலில் அணியை நிலைநிறுத்துவதில்தான் அந்த வெறி என்று பின்னர் விளக்கம் கொடுத்தார். அந்தக் கேள்விக்குக் கீழே அந்தப் பதிலை வைத்துப் படித்தால் விளக்கத்தை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆனாலும் கவனியுங்கள்: இவையெல்லாம் ஊர் மாற்றும் ஆசைக்குச் சான்று. ஆட்டத்தில் தோற்கச் சொன்னதற்கு அந்த வழக்கில் ஒரு வரியும் வெளிவரவில்லை.

நகரத்துப் பக்கமும் முழுக்கச் சுத்தமில்லை. அணியைக் கட்டாயமாக ஊரில் நிறுத்தி, இழப்பைக் கூட்டி, விற்றுவிட்டுப் போகும்படி பென்னெட்டை நெருக்கலாம் என்ற வியூகம் எழுத்தில் இருந்தது. விசாரணையில் எதிர்த்தரப்பு அதைத்தான் உயர்த்திக் காட்டியது. நீதிபதி மார்ஷா பெக்மன் முன் ஜூன் மாதம் விசாரணை நடந்து, 2008 ஜூலை 2-இல் தீர்ப்பு வரவிருந்தது. சில மணி நேரம் முன்னதாகச் சமரசம்: உடனடியாக நான்கரைக் கோடி டாலர், சில நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் மூன்று கோடி. நிபந்தனை நிறைவேறவில்லை, அந்த மூன்று கோடி வரவும் இல்லை. தீர்ப்பு யார் பக்கம் வந்திருக்கும் என்று உறுதியாகப் பேசுபவர்களை நம்பாதீர்கள். ஏப்ரலிலேயே என்பிஏ உரிமையாளர்கள் 28-2 என்று மாற்றத்தை ஏற்றிருந்தார்கள். எதிர்த்தவர்கள் டல்லஸின் மார்க் கியூபனும் போர்ட்லண்டின் பால் ஆலனும். விற்பனையை ரத்து செய்யக் கோரி ஷுல்ட்ஸும் வழக்குப் போட்டு, ஆகஸ்டில் கைவிட்டார். யாருக்கு விற்கிறோம் என்று தெரியாமல் விற்றேன் என்ற அவருடைய நிலைப்பாட்டை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஐந்தே ஆண்டில் 15 கோடி டாலர் கூடுதல் விலை பார்த்தவர் அவ்வளவு அப்பாவியா?

இதே உரிமையாளர் குழு ஸ்டார்ம் அணியை 2008-இல் சியாட்டில் பெண்கள் சிலருக்கு ஒரு கோடி டாலருக்கு விற்றது. அதே ஊரில் தங்கிய அந்த அணி 2010, 2018, 2020 ஆண்டுகளில் சாம்பியன் ஆனது. உள்ளூர் உரிமையாளர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். சாக்ரமென்டோ கிங்ஸைப் பாருங்கள். 2012-13-இல் மலூஃப் குடும்பம் அந்த அணியைச் சியாட்டில் குழு ஒன்றுக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஊர் மாற்றத்தைப் பரிசீலித்த என்பிஏ குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே கிளே பென்னெட். 2013 மே மாதம் 22-8 என்று மாற்றம் நிராகரிக்கப்பட்டது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கி ஊரிலேயே வைத்தது. புதிய அரங்கமும் வந்தது. குழப்பம் உச்சத்தில் இருந்த அந்தச் சீசனில் கிங்ஸ் 28 வென்று 54 தோற்றது. குழப்பம் தீர்ந்த அடுத்த சீசனிலும் 28 வெற்றி, 54 தோல்வி. பிளேஆஃபைத் தொட அந்த அணிக்கு 2023 வரை ஆயிற்று.